பொன்னம்மாவுக்கு நான் கொடுத்த சான்றிதழ்

அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் என் தங்கை மெர்சியின் வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்ததும் அவள் காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. "அக்கா, சத்தம் போடாம வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பின்னறைச் சன்னலோரம் நிறுத்தினாள். அங்கே ஒரு கூண்டு. அதற்குள் இரண்டு குருவிகள் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்துகொண்டு, யார் இந்தப் புது ஆள் என்று தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தன.

நம் வீட்டுக் குருவியைவிட ஒரு சுற்றுப் பெரியவை. முதுகும் மார்பும் சாம்பல் நிறம். ஓர் இறகுகூடக் கலையாமல் இஸ்திரி போட்டதுபோல் இருந்தன. தலை கறுப்பு, கன்னம் பளிச்சென்று வெள்ளை, வயிறு லேசான ரோஜா நிறம். கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். எல்லாவற்றையும்விட அந்த அலகுதான்! அவ்வளவு சின்ன முகத்துக்குச் சம்பந்தமே இல்லாத, தடித்த, சிவந்த அலகு.

"ஜாவாக் குருவிக்கா. சொந்த ஊரு ஜாவாத் தீவு. அங்க நெல்லு வயல்ல கூட்டங்கூட்டமாத் திரியுமாம். ஓட்டு இடுக்குல, மரப்பொந்துல எல்லாம் கூடு கட்டுமாம். இவன் சின்னப்பா, இவ பொன்னம்மா."

நெல் என்று காதில் விழுந்ததும் என் புத்தி வேலைக்குப் போய்விட்டது. நான் திருநெல்வேலியில் விதைப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவள். நெல்லைத் தட்டில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்து, இது கலப்பு, இது களைவிதை என்று பிரித்து, கடைசியில் சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. இப்படி ஓர் அலகோடு எது வந்தாலும் அது எனக்கு எதிரிக் கட்சி. ஆனாலும் சின்னப்பா ஒரு தானியத்தை எடுத்து, அலகுக்குள்ளேயே உருட்டி, உமியை ஒரு பக்கம் துப்பிவிட்டு அரிசியை மட்டும் விழுங்கிய சுத்தத்தைப் பார்த்து அசந்துபோனேன். எங்கள் நிலையத்தில் இருக்கும் உமி நீக்கும் இயந்திரம் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

நான் அமெரிக்கா வந்த காரணம் இதுதான். மெர்சியின் கணவன் சாமுக்குக் கலிஃபோர்னியாவில், சான்டா கிளாராவில், கம்ப்யூட்டர் சிப் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்து, அவன் மே மாதமே போய்விட்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மெர்சி வேலையை விட்டுவிட்டுச் செப்டம்பரில் காரில் புறப்படுவதாக ஏற்பாடு. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தனியாக ஓட்டிப் போகப் பயம். "உனக்கு டிரைவிங் தெரியாட்டாலும் பரவாயில்ல, நான் தூங்காம இருக்க நீ பேசிக்கிட்டே வரணும்" என்று எழுதியிருந்தாள். பேசுவதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும்? நாற்பத்தைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

"ப்ளேன்ல போயிட்டு காரை லாரியில அனுப்பலாம்லா?" என்றேன்.

"இதுகள யாருக்கா கொண்டு வருவா?" என்று கூண்டைக் காட்டினாள்.

அன்று சாயங்காலம் ஓக் ட்ரீ சாலைக்குப் போனோம். அப்போது அங்கே நம் கடைகள் ஒன்றிரண்டுதான். உளுந்து, புளி, குருவிக்குத் தினை. வரும் வழியில்தான் மெர்சி எனக்குக் குருவி வாங்கிய கதையைச் சொன்னாள். கல்யாணம் முடிந்து ஊரில் இருந்த சாமுக்கு விசா கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. அந்தக் காலத்தில் இரவு டியூட்டி முடித்துக் காலையில் வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும்தான் கேட்குமாம். "ரேடியோவப் போட்டுப் பாத்தேன். அது என்னையப் பாத்துப் பேசல. இதுகள வாங்கின அன்னைக்கு, நான் சாவியப் போட்டதும் உள்ள இருந்து பாட்டுச் சத்தம். அன்னைக்குத்தான்க்கா நான் நிம்மதியா தூங்குனேன்." அந்த ஒன்றரை வருடத்தில் நான் அவளுக்கு எத்தனை கடிதம் எழுதினேன் என்று எண்ணிப் பார்க்க வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்றினேன்.

புறப்படுவதற்கு முதல்நாள்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

"வழியில எத்தனை மாநிலம் வரும்?" என்று கேட்டேன். பத்துக்கு மேல் என்றாள். எனக்குத் திக்கென்றது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்குள் நுழைய ஒரே ஒரு மாநில எல்லைதான். அதற்கே செக்போஸ்ட்டில் எத்தனை தடவை விதை மூட்டையோடு நின்றிருக்கிறேன்! தகுந்த காகிதம் இல்லாமல் உயிருள்ள இரண்டு பிராணிகளைப் பத்து எல்லை தாண்டிக் கொண்டு போவதா? நல்லவேளையாக ரப்பர் ஸ்டாம்ப் என் கைப்பையிலேயே இருந்தது. லீவில் போகும்போது அதை ஆபீஸ் மேசையில் விட்டுப்போகிற வழக்கம் எனக்கு இல்லை. நான் இல்லாத நேரத்தில் யார் எதில் குத்துவார்கள் என்று யார் கண்டது!

லென்ஸை எடுத்து இரண்டையும் பரிசோதித்தேன். சின்னப்பாவின் அலகு அடியில் கொஞ்சம் பருமன், பொன்னம்மாவுக்கு ஒரு மயிரிழை ஒல்லி. போதாதா? ஒரு வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன்: 'ஜாவாக் குருவி, இரண்டு. ஆண் ஒன்று, பெண் ஒன்று. என்னால் நேரில் பரிசோதிக்கப்பட்டன. நோயோ பூச்சியோ இல்லை.' கையெழுத்து, தேதி, பதவி, முத்திரை.

"மூணு வருசமா ஒரு முட்டைகூட வைக்கலக்கா" என்றாள் மெர்சி.

"அங்க வெயில் பட்டா வைக்கும்" என்று அதற்கும் ஒரு சான்று வழங்கினேன். பிறகு எந்த செக்போஸ்ட்காரன் பார்த்தாலும் தெரிகிற மாதிரி, சான்றிதழைக் காரின் பின்பக்கச் சன்னலில் எழுத்து வெளியே தெரிய டேப் போட்டு ஒட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். காருக்குள் கிரைண்டர், தையல் மெஷின், மூன்று குக்கர், பின்சீட்டில் கூண்டு. கூண்டுக்கும் சீட் பெல்ட் போட்டாள் மெர்சி. வண்டி ஓடும்போது இரண்டும் ஊமையாகக் கம்பியைப் பற்றிக்கொண்டு இருந்தன. வண்டி நின்றதும் பாட்டு. அதுவும் சாதாரணப் பாட்டா? இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுகிற மாதிரி ஆரம்பித்து, பிறகு மணி உருட்டுகிற மாதிரி ஓடி, கடைசியில் அலகை டக்கென்று அடித்து முடிக்கும். நாங்கள் நிற்கும் பெட்ரோல் பங்க்கிலெல்லாம் யாராவது எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு மாநில எல்லையில்கூட ஒருவரும் எங்களை நிறுத்தவில்லை. 'நல்வரவு' என்று ஒரு பலகை, அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. என் சான்றிதழை வாசிக்க ஆளில்லாத நாடு என்ன நாடு?

இரண்டாம் நாள் காலை டென்னசியில் ஒரு சாலையோர உணவகம். வெள்ளையாகக் குழைந்து ஒன்று வந்தது. உப்புமா என்று நம்பி வாயில் போட்டேன். உப்பும் இல்லை, உப்புமாவும் இல்லை. சோள நொய்க் கஞ்சியாம். பரிமாறிய அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் போட்டுக்கோங்க கண்ணு, எல்லாம் சரியாகிடும்" என்றார். கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்துப் போட்டுக்கொண்டேன், எல்லாம் சரியாகிவிட்டது. அவரும் ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார்.

மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி ஆர்கன்சாவுக்குள் போனதும் நான் சீட்டிலிருந்து எழுந்தே விட்டேன். "மெர்சி, நிறுத்துட்டி வண்டிய! நெல்லு!"

கண்ணுக்கெட்டிய தூரம் நெல். கதிர் முற்றித் தலை சாய்ந்து, மஞ்சள் ஏறி, அறுப்புக்கு நிற்கிறது. வளைந்து வளைந்து போகும் வரப்பு. அம்பாசமுத்திரத்தில் பார்க்கிற அதே நிறம், அதே மணம். ஒன்றே ஒன்றுதான் இல்லை: ஆள். அவ்வளவு பெரிய வயலில் ஒரு மனிதத் தலை இல்லை. இங்கே விமானத்தில் பறந்து விதை தூவுவார்கள் என்று புத்தகத்தில் படித்தபோது கதை விடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

நான் கேட்டதற்காக இல்லாவிட்டாலும் வண்டி நின்றுவிட்டது. பின்டயர் பஞ்சர். மாற்று டயர் எல்லாச் சாமானுக்கும் அடியில். கிரைண்டரை இறக்கினோம், தையல் மெஷினை இறக்கினோம், கூண்டைப் புல்மேல் நிழலில் வைத்தோம். ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. தொப்பி போட்ட பெரிய மனிதர் ஒருவர் இறங்கி, ஒரு வார்த்தை கேட்காமல் ஜாக்கியைப் போட்டார். அந்த வயல் அவருடையதுதானாம். நான் நெல் ஆபீஸர் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ரகம் என்ன, எத்தனை நாள் பயிர், குலைநோய் வருமா என்று நாங்கள் இருவரும் பேசிய பேச்சில் டயர் பாதியில் நின்றது.

"இதுகள் என்ன தின்னும்?" என்று கூண்டைப் பார்த்துக் கேட்டார்.

"நெல்தான்."

அவர் வயலில் இறங்கி ஒரு கதிரை ஒடித்துக்கொண்டு வந்து கம்பிக்குள் செருகினார். கூண்டில் பிறந்து வளர்ந்த அந்த இரண்டும் கதிரை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கின்றன. ஒரு கணம் திகைப்பு. அப்புறம் பாய்ந்தன பாருங்கள்! சின்னப்பா தலைகீழாகத் தொங்கினான். பொன்னம்மா காம்பைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை வரிசையாக உருவினாள். டிக், டிக், டிக். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதிர் வெறும் ஈர்க்காகிவிட்டது. மெர்சி கைதட்டினாள். நானும் அவரும் தட்டவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இது ரெண்டு. இதே ஐயாயிரம் வந்து இறங்கினா?" என்றார் சிரித்துக்கொண்டே. "கூண்டுக் கதவை நல்லாப் பூட்டுங்கம்மா."

நான் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

டெக்சஸில் பிளானோ என்ற ஊரில் சரோஜினி ஆன்ட்டி வீட்டில் மூன்று நாள் தங்குவதாகத் திட்டம். யாழ்ப்பாணத்துக்காரர். மெர்சியோடு அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்; டாக்டரான கணவருக்கு டெக்சஸில் இடம் கிடைத்து அங்கே போனவர்கள். இடியப்பமும் சொதியும், அந்த ஊர்ப் பச்சைமிளகாய் போட்டு இடித்த சம்பலும். வழியெல்லாம் ரொட்டி தின்று செத்திருந்த நாக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது. சாப்பிட்டதும் ஆன்ட்டி எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஓர் அறையளவுக்கு வலைபோட்ட பறவைக்கூடம். சின்னச் சின்னக் குருவிகள் பல ஜாதி. அவற்றுக்கு நடுவில் இரண்டு ஜாவாக் குருவிகள்!

"ரெண்டும் பெட்டையள். ஆண் போன பனியிலை செத்துப்போச்சு" என்றார் ஆன்ட்டி. பிறகு மெர்சியைப் பார்த்து, "சரி, உன்ரை குருவியளை ஆரிட்டை குடுக்கப்போறாய் பிள்ளை?" என்று கேட்டார்.

"ஏன் ஆன்ட்டி குடுக்கணும்? கொண்டு போறோம்ல."

ஆன்ட்டி அப்படியே நின்றுவிட்டார். "கலிஃபோர்னியாவுக்கோ? ஐயோ, உனக்குத் தெரியாதே? அங்கை ஜாவாக் குருவி வைச்சிருக்கேலாது. தடை. நெல்லைத் திண்டு போடும் எண்டு சட்டம் போட்டிருக்கிறாங்கள். பாலைவனத்திலை ரோட்டை மறிச்சு ஒவ்வொரு காரையும் பாப்பினம். பிடிச்சால் பறிச்சுப் போடுவினம்."

கையில் ஒரு மாத இதழைக் கொண்டுவந்து காட்டினார். பறவை வளர்ப்பவர்களுக்கானது. அச்சில் இருந்தது. மெர்சி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். அன்று இரவு கூண்டைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலையில் அறைக்குள் கூப்பிட்டாள். "அக்கா, கூண்டப் பின்சீட்டுக்குக் கீழ வச்சு டவலப் போட்டு மூடிருவோம். வண்டி ஓடும்போது சத்தமே போடாதுல்லா."

"வண்டி நிக்கும்போதுதான பாடும். செக்போஸ்ட்ல வண்டி நிக்காதா?"

"ரேடியோவச் சத்தமா வைப்பேன்."

"அந்த வண்டியில நான் ஏறமாட்டேன் மெர்சி."

அவ்வளவுதான், வெடித்தாள். "உனக்கு எப்பவும் சட்டம்தான்! ரெண்டு குருவி என்ன, கலிஃபோர்னியா நெல்ல எல்லாம் தின்னுருமா? நான் இங்க தனியாக் கிடந்தப்ப எந்தச் சட்டம் வந்து என்கூட இருந்துச்சு? இதுகதான இருந்துச்சு! இதுக வரலன்னா நானும் வரல. சாம்ட்ட நீயே போன் பண்ணிச் சொல்லு."

எனக்கும் கோபம் வந்தது. ஆர்கன்சாவில் ஒரு கதிர் காணாமல் போன வேகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சட்டத்தைத் தப்பென்று சொல்ல என் வாய் வராது. சட்டம் போட்டவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் அவள் அழுதபோது, நான் எழுதாமல் விட்ட கடிதமெல்லாம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தப்பு என்மேலதாண்டி. அப்ப நான் எழுதியிருக்கணும்" என்றேன். அவள் எழுந்து போகவில்லை.

அன்று மத்தியானம் ஆன்ட்டி வெளியிலிருந்து கூப்பிட்டார். காரில் நாள்கணக்கில் கூனிக்கிடந்த குருவிகள் சிறகை நீட்டட்டுமே என்று எங்கள் இரண்டையும் பறவைக்கூடத்துக்குள் விட்டிருந்தார். தட்டுத் தண்ணீரில் குதித்துக் குளித்துவிட்டு இரண்டும் உயரக் கம்பியில் உட்கார்ந்தன. அங்கே அந்த இரண்டு பெட்டைகள். சின்னப்பா நெஞ்சை நிமிர்த்தி, மேலும் கீழும் குதித்துக் குதித்துப் பாட ஆரம்பித்தான். ஒரு பெட்டையும் அவன் தாளத்துக்குச் சேர்ந்து குதித்தது. மெர்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பாவம் பொன்னம்மா, பொறாமைப்படும்" என்றாள்.

பொன்னம்மா பொறாமைப்படவில்லை. இன்னொரு பெட்டையின் பக்கத்தில் போய், நெஞ்சை நிமிர்த்தி, அதே குதி, அதே பாட்டு, கடைசியில் அலகில் அதே டக்.

சரோஜினி ஆன்ட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிள்ளை, பெட்டை பாடாது! இது ரெண்டும் ஆண். மூண்டு வருசமா எங்கையிருந்து முட்டை வரும்? ஆர் இதைப் பெட்டை எண்டு சொன்னது?"

மெர்சி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். டெக்சஸில் வானம் ரொம்பப் பெரியது.

சிரிக்க ஆரம்பித்தாள் மெர்சி. சிரித்துச் சிரித்து அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வலைக்குள் அந்த நாலும் குதித்துக்கொண்டே இருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இங்கயே இருக்கட்டும் ஆன்ட்டி" என்றாள்.

"நான் நல்லாப் பாப்பன். யாழ்ப்பாணத்து வீட்டிலை நானும் ஒரு கிளியைப் பக்கத்து வீட்டிலை குடுத்திட்டுத்தான் வந்தனான்" என்றார் ஆன்ட்டி.

பிளானோவிலிருந்து கிளம்பியபோது பின்சீட்டில் காலிக் கூண்டுகூட இல்லை. அதையும் ஆன்ட்டியிடமே விட்டுவிட்டாள் மெர்சி. சீட் பெல்ட் மட்டும் தொங்கியது. பிறகு இரண்டு நாள் பாலைவனம். செடி என்று சொல்ல முடியாத செடிகள், ஊர் என்று சொல்ல முடியாத ஊர்கள். வண்டி நின்றபோதெல்லாம் நாங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டோம். நான் ஆபீஸ் கதை, சர்ச் பாடகர் குழுவில் நடந்த சண்டைக் கதை எல்லாம் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தபடியே வந்தேன். அதற்காகத்தானே கூட்டி வந்திருந்தாள்.

கலிஃபோர்னியா எல்லையில் நிஜமாகவே ஒரு செக்போஸ்ட்! கூரை, தடுப்பு, சீருடை. எனக்கு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. "பழம், செடி, விதை, பிராணி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் இளைஞர் ஒருவர்.

"ரெண்டு ஆரஞ்சு இருக்கு" என்று மெர்சி எடுத்துக் கொடுத்தாள். போகலாம் என்று கையை உயர்த்தப் போனவர், பின்பக்கச் சன்னலைப் பார்த்து நின்றார். குனிந்தார். வாசித்தார்.

சான்றிதழ்! எடிசனில் ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. முன்னால் உட்கார்ந்து வந்த எங்கள் இருவருக்கும் அதன் நினைவே இல்லை.

"ஜாவாக் குருவி, இரண்டு" என்று உரக்க வாசித்தார் அவர். "எங்கே?"

மெர்சி டெக்சஸில் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அவர் பின்சீட்டைப் பார்த்தார். சீட்டெல்லாம் உமி. ஒரு சாம்பல் இறகு வேறு. ஓரமாக நிறுத்தச் சொன்னார். கிரைண்டர் இறங்கியது, தையல் மெஷின் இறங்கியது, குக்கர்களைத் திறந்து பார்த்தார்கள். கிரைண்டர் கல்லைத் தட்டிப் பார்த்தார்கள். டவல்களை ஒவ்வொன்றாக உதறினார்கள். மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் அவர் சான்றிதழைக் காட்டி, "இதில் கையெழுத்துப் போட்டது யார்?" என்றார்.

நான் முன்னால் வந்தேன். "நான்தான். ஆனால் இது தப்பான சான்றிதழ். ஓர் ஆண் ஒரு பெண் என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் ஆண். இருபத்திரண்டு வருட சர்வீஸில் என் முதல் தப்பு." சன்னலிலிருந்து தாளை உரித்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'ரத்து செய்யப்பட்டது' என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். "ஜிம், இங்க வந்து இதைப் பாரு!" என்று உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டுச் சிரித்தார். தாளை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு மெர்சி மெதுவாகச் சொன்னாள். "டவலப் போட்டு மூடியிருந்தா, உன் சான்றிதழே நம்மளக் காட்டிக் குடுத்திருக்கும்லாக்கா."

"ரெண்டும் இந்நேரம் அவங்க கையில இருந்திருக்கும்" என்றேன். அப்புறம்தான் அவள் முகம் தெளிந்தது.

சான்டா கிளாராவில் சாம் வாசலுக்கே ஓடிவந்தான். "வாங்க மதினி! மெர்சி, முதல்ல பால்கனிக்கு வா. கண்ண மூடிக்க!" காருக்குள் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்களை இழுத்துக்கொண்டு போனான்.

பால்கனியின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கூண்டு. மரச்சட்டம், சன்னமான வலை, உள்ளே நிஜ மரக்கிளை, கூடு கட்ட ஒரு பெட்டி, பெட்டிக்குச் சின்னதாக ஓட்டுக்கூரைகூட. மே மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்ததாம். "எங்க அதுக? கொண்டா" என்று கையை நீட்டினான்.

மெர்சி அந்தக் கூரையைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சாமுக்கும் சட்டம் தெரிந்திருக்கவில்லை. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். இவ்வளவு பெரிய கூண்டையும் இவ்வளவு நல்ல மனிதனையும் நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் அந்தக் கூண்டு அப்படியே கிடந்தது. பிரிக்கவா என்று சாம் கேட்டபோது மெர்சி வேண்டாம் என்றாள். பிறகு ஒரு சனிக்கிழமை அவன் ஒயர் பற்றவைக்கிற சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்தான்.

ஞாயிறு காலை, சர்ச்சிலிருந்து வந்ததும் பிளானோவுக்குப் போன் போட்டான். நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், ரிசீவரோடு ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியைச் சேர்த்து, கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே கிளைமேல் வைத்தான்.

"கேக்குதே பிள்ளை?" என்று கூண்டுக்குள்ளிருந்து சரோஜினி ஆன்ட்டியின் குரல் வந்தது. "என்ரை பெட்டையள் முட்டை வைச்சிருக்கு. பாத்தனான், வெள்ளை வெள்ளையா. இருங்கோ, போனைக் கிட்டக் கொண்டு போறன்."

கரகரவென்று ஏதோ சத்தம். பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மணி உருண்டது. அலகில் டக்கென்று ஓர் அடி. எந்த செக்போஸ்ட்டிலும் நிற்காமல் பாலைவனம் தாண்டி வந்து அந்தப் பாட்டு பால்கனி முழுக்க நிறைந்தது. சாம் மெர்சியின் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் வெளிப்படையாகவே அழுதேன்.

அடுத்த பால்கனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எட்டிப் பார்த்தார். கூண்டின் பலகை அடைத்த பின்பக்கம்தான் அவருக்குத் தெரியும். "என்ன அழகாப் பாடுது உங்க பறவை! பேர் என்ன?" என்று கேட்டார்.

"பொன்னம்மா" என்றாள் மெர்சி. "முட்டை வச்சிருக்கு."

நான் திருத்தவில்லை.